வெள்ளயிரும் காரகிலும்: நெடுநல்வாடையிலும் சிலப்பதிகாரத்திலும் புகைமணம் அணிதலும் தரங்காணலும்

திறவுச்சொற்கள்: அகில், அயிர், துருக்கம், ஐவகை விரை, புகையூட்டல், கண்டசருக்கரை, துறத்தல்

முன்னுரை

பழந்தமிழ் இலக்கியங்களில் இடம்பெறும் நறுமணப் பொருள்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பட்டியல் அளவில் நின்றுவிடுகின்றன. சந்தனம், அகில், நானம், கருப்பூரம் எனப் பெயர்கள் தொகுக்கப்படுகின்றன. அவை வந்த நிலமோ துறைமுகமோ சுட்டப்படுகிறது. வணிக வளத்திற்கு அவை சான்றாகக் காட்டப்படுகின்றன. அப்பெயர்களுக்கு முன் நிற்கும் அடைகளும் பின் நிற்கும் வினைகளும் புலவரின் சொல்லழகு என்ற அளவில் கடந்து செல்லப்படுகின்றன. 'கார்' அகில் என்பதில் 'கார்' எதற்கு? 'வெள்' அயிர் என்பதில் வெண்மை எதற்கு? கூந்தல் புகையை 'உண்டது' என ஏன் சொல்ல வேண்டும்? இவ்வினாக்களுக்கு நறுமணத்தை நாள்தோறும் அணிந்தவர், விற்றவர், வாங்கியவர் ஆகியோரின் தரங்காணும் அறிவிலிருந்து விடை தேடுகிறது இக்கட்டுரை. நெடுநல்வாடையிலும் சிலப்பதிகாரத்தின் அந்திமாலைச் சிறப்புச்செய் காதையிலும் ஒன்றற்கொன்று எதிரொலியாக அமைந்த இரு பகுதிகள் இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன. அடைகளைத் தரச்சொற்களாகக் கொண்டால், உரையாசிரியர் ஒருவரின் புகழ்பெற்ற சொற்பொருள் ஒன்றை மறுபடி எடைபோட வேண்டியதாகிறது. நெடுநல்வாடைத் தலைவியின் கூந்தலைப் பற்றிய ஒரு சொல்லும் புதுப்பொருள் பெறுகிறது.

எதிரெதிராக நிற்கும் இரு பகுதிகள்

நெடுநல்வாடை கூதிர்க்காலப் பாட்டு. ஊரின் குளிரை விரிக்கும் பகுதியில் (51-56) சாந்து அரைக்கும் வட்டக்கல் பயனற்றுக் கிடக்கிறது. கல் வடவர் கொணர்ந்தது; அதில் அரைக்கப்படும் சாந்து தென்புலத்தது. இரண்டும் கைவிடப்பட்டன. மகளிர் மாலை சூடவில்லை. கூந்தலில் சில மலர்களே இடுகின்றனர். அதற்காகத் தகரம் என்னும் மணமுள்ள விறகில் நெருப்பு அமைத்து, அகிலோடு வெள்ளயிரைச் சேர்த்துப் புகைக்கின்றனர். தணல்கூட வெறும் விறகின் தணலன்று என்பது குறிக்கத்தக்கது. கரியின் நாற்றம் புகையைக் கெடுக்கும் என்பது இன்றும் தூபம் இடுவோர் அறிந்ததே.

சிலப்பதிகாரப் பகுதியில் (4:35-38) நிலைமை தலைகீழாகிறது. அங்கு நிலாவும் தென்றலும் உண்டு. கணவரோடு கூடிய மகளிர் குடதிசை வெள்ளயிரையும் குணதிசைக் காரகிலையும் துறக்கின்றனர். வடமலைக் கல்லில் தென்மலைச் சந்தனம் சுழல்கிறது. நெடுநல்வாடையில் வடக்கும் தெற்கும் மட்டுமே இருந்தன. இளங்கோவடிகள் மேற்கையும் கிழக்கையும் சேர்த்து நாற்றிசையையும் நிறைவு செய்கிறார். முன்னைப் பாட்டை நன்கறிந்த ஒருவரே இவ்வாறு திருப்பிப் போட முடியும்.

இரு பகுதிகளும் சேர்ந்து ஓர் ஒழுங்கை உணர்த்துகின்றன. சாந்து வெப்பக் காலத்திற்கு உரியது. புகை குளிர்காலத்திற்கு உரியது. ஒன்று தோலில் அணியப்படுவது. மற்றொன்று கூந்தலிலும் ஆடையிலும் அணியப்படுவது. ஒரு மணம் நல்லதா என்ற வினாவிற்கு முன், அது எப்போது, உடலின் எவ்விடத்தில் நல்லது என்ற வினா வந்துவிடுகிறது. இதே பகுப்பை வடமொழியின் அர்த்தசாத்திரம் வேறொரு வழியில் காட்டுகிறது. அதன் இரண்டாம் அதிகரணத்துப் பதினோராம் இயல் கருவூலத்தில் சேரும் பொருள்களைச் சோதிக்கும் முறையைக் கூறுவது. நல்ல சந்தனத்திற்கு அது கூறும் பண்புகளில் பல தோலைச் சார்ந்தவை: நெய்போல் படிதல், தோலோடு ஒன்றி உள்ளிறங்குதல், மிகையாக வீசாமை, நிறம் மாறாமை, வெப்பந் தாங்கல், உடலின் எரிவை ஏற்றுக்கொள்ளல், தொட இனிமை. அகிலுக்கு அது கூறும் பண்புகள் நெருப்பைச் சார்ந்தவை: கனமாயிருத்தல், நெய்ப்பு, நயமான மணம், அம்மணம் பரவுதல், தீயைத் தாங்குதல், புகை திணறடிக்காமை, துடைத்தாலும் நீங்காமை. கருவூல அதிகாரி சந்தனத்தைக் கையில் பூசிப் பார்க்கிறான். அகிலைத் தணலில் இட்டுப் பார்க்கிறான். தமிழ்ப் பாடல்கள் பருவத்தால் பிரித்ததை அந்நூல் சோதனையால் பிரிக்கிறது.

காழும் கருமையும்

அகிலைக் கூறும்போது நெடுநல்வாடை அதன் கரிய காழைச் சுட்டுகிறது. சிலம்பு 'கார்' என்கிறது. இரண்டும் நிறத்தைக் காட்டும் அடைகளாகத் தோன்றினாலும், மரத்தின் இயல்பை அறிந்தால் இவை நிறத்திற்கு மேலும் ஒன்றைச் சொல்வது புலனாகும்.

அகில் தரும் அக்குலேரியா இன மரங்கள் வடகிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வளர்வன. நோயற்ற மரத்தின் கட்டை வெளிறியது, எடை குறைந்தது. அதில் மணம் இல்லை என்றே சொல்லலாம். மரம் காயம்பட்டுப் பூஞ்சைத் தொற்றுக்கு ஆளாகும்போது, தன்னைக் காத்துக்கொள்ளப் பிசினைச் சுரக்கிறது. பிசின் பாய்ந்த பகுதி கறுத்து, இறுகி, கனக்கிறது. மணம் அப்பகுதிக்கே உரியது. எனவே, கருமை, வன்மை, எடை ஆகிய மூன்றும் பிசினின் அளவைக் கண்ணாலும் கையாலும் அறிய உதவும் அடையாளங்கள். பிசின் மிகுந்த துண்டு நீரில் மூழ்கும். சீனமொழியில் இப்பொருளின் பெயரே 'மூழ்கும் நறுமணம்' என்று பொருள்படுவது. காழ் என்ற தமிழ்ச்சொல் வயிரத்தை, உள்ளே இறுகிய பகுதியைக் குறிப்பது. கருங்காழ் உடைய அகில் என்னும்போது வெளிறிய கட்டை நீக்கி எடுத்த பகுதி என்ற செய்தி அடங்கிவிடுகிறது. அர்த்தசாத்திரமும் அகில் வகைகளை நிறத்தாலேயே தொடங்குகிறது. கருமையானதும் கரும்புள்ளியுடையதும் அதன் பட்டியலின் தலையில் நிற்கின்றன.

இவ்விடத்தில் ஒரு சிறு குறிப்பு. வடமொழி 'அகுரு' என்பதற்குக் 'கனமற்றது' எனச் சொற்பிரிப்பால் பொருள் காண்பதுண்டு. அர்த்தசாத்திரமோ நல்ல அகிலின் முதற்பண்பாகக் கனத்தையே வைக்கிறது. பொருளை எடைபோட்டு வாங்கிய வணிகனுக்குச் சொற்பிரிப்பு உதவியிராது. திராவிட வேர்ச்சொல் அகராதி அகிலைத் தன் தொடக்கப் பதிவுகளுள் ஒன்றாகக் கொண்டு, வடசொல்லை ஒப்புநோக்கிக் காட்டுவது இதனோடு இணைத்து எண்ணத்தக்கது.

தமிழில் அகில் என்ற ஒரு பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்களைத் தழுவியிருக்க வேண்டும். பட்டினப்பாலை (188) ஆரத்தையும் அகிலையும் குடமலையில் பிறந்தவை என்கிறது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையோ (14:106-110) அகிலைக் கடல்வழி வரும் சரக்காக, துகில், ஆரம், வாசம், கருப்பூரம் ஆகியவற்றோடு கீழ்க்காற்றின் துணையால் வருவதாகக் காட்டுகிறது. இன்று மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் வெள்ளகில் என வழங்கும் மரம், டிசோசைலம் மலபாரிகம், வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் கட்டையும் மணமுடையதே. ஆனால் பிசின் பாய்ந்த கருங்காழ் தரும் மரமன்று. மலையகிலும் கடலகிலும் ஒரே அங்காடியில் ஒரே பெயரால் விற்கப்பட்டிருந்தால், 'கார்' என்ற அடை வாங்குவோர்க்கு இன்றியமையாதது. சிலம்பில் குணதிசையும் கருமையும் ஒருங்கே வருவது தற்செயலாகத் தோன்றவில்லை. திசை சரக்கின் பிறப்பைச் சொல்கிறது. நிறம் அதன் தரத்தைச் சொல்கிறது.

ஊர்காண் காதையில் மணிகளின் குற்றங்களும் குணங்களும் நுணுக்கமாகப் பேசப்படுகின்றன. அகிலுக்கும் சந்தனத்திற்கும் அத்தகைய விரிவான இலக்கணம் அங்கில்லை. இதைக் கொண்டு தமிழர் நறுமணத்தைச் சோதித்து வாங்கவில்லை என முடிவுகட்டுவது பொருந்தாது. இந்திரவிழவூரெடுத்த காதை (5:13-15) வண்ணம், சுண்ணம், சாந்து, பூ, புகைப்பொருள், விரை ஆகியவற்றை விற்போர் நகர வீதியில் திரிவதைக் காட்டுகிறது. வீதியில் கூவி விற்கப்பட்ட பொருளின் தரம் ஓரிரு அடைச்சொற்களில் அடங்கும். அவ்வடைகளே பாட்டிற்குள் புகுந்திருக்கின்றன. பிறந்த இடத்தில் அப்பொருளுக்கு அடையே தேவைப்படுவதில்லை. பாரியின் பறம்பைப் பாடும் கபிலர் (புறம். 108), குறத்தி அடுப்பில் மாட்டிய கொள்ளி சந்தனமாக இருந்ததால் அதன் புகை அயலிலுள்ள வேங்கைக் கிளைகளில் தவழ்ந்ததைக் கூறுகிறார். அவளுக்கு அது விறகு. மலையிறங்கிய பின்பே அதற்குத் தரமும் விலையும் வருகின்றன.

வெள்ளயிர் எது?

அகிலுக்குக் கண்ட முறையை அயிருக்கும் பொருத்தினால் சிக்கல் தொடங்குகிறது. அயிர் என்பதற்கு நுண்மை, நுண்மணல் என்பன இயல்பான பொருள்கள். நெடுநல்வாடைக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் வெள்ளயிரைக் கண்டசருக்கரை என்கிறார். அகிலோடு சருக்கரையைப் புகைத்தனர் என்பது இன்று படிப்போருக்கு வியப்பைத் தருகிறது. வகுப்பறையில் இவ்விடத்தை விளக்காமல் கடந்துபோவதே எளிதாகிவிடுகிறது.

உரையாசிரியர் அறியாமையால் எழுதினார் என ஒதுக்குவது முறையன்று. நறும்புகைக் கலவைகளில் இனிப்புப் பொருளுக்கு உறுதியான இடமுண்டு. ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருகத்சங்கிதை, நறுமணக் கலவைகளைக் கூறும் இயலில், கலவைக்கு வெல்லத்தாலும் நகம் என்னும் கடற்சிப்பிப் பொருளாலும் புகையூட்டச் சொல்கிறது. அரபு நாடுகளின் பகூர் என்னும் தூபத்தில் அகிற்சில்லுகளைச் சருக்கரைப் பாகில் ஊறவைப்பதும், சப்பானியர் பிசைந்து செய்யும் தூபவுருண்டைகளில் தேன் சேர்ப்பதும் இன்றும் உள்ள வழக்கங்கள். இனிப்புப் பொருள் தூளைப் பிணைக்கிறது. தணலில் உருகும்போது புகைக்கு ஈரமும் கனிவும் தருகிறது. தணல் கூடினால் கருகிக் கசக்கும். எனவே அது கைப்பழக்கம் வேண்டும் பொருள். நச்சினார்க்கினியர் தம் காலத்தில் கண்ட அல்லது கேட்ட ஒரு நடைமுறையை எழுதியிருக்கலாம். சருக்கரைக் கட்டியும் வெண்மையானது, நுண்மணியாக நொறுங்குவது. 'வெள்', 'அயிர்' என்ற இரு சொற்களும் அதற்குப் பொருந்துகின்றன.

ஆனால் சிலப்பதிகாரம் மூன்றாவதாக ஒரு சொல்லைத் தருகிறது: குடதிசை. கரும்பு தமிழகத்திலேயே விளைவது. அதைப் பாடாத மருதம் இல்லை. அதிலிருந்து வரும் இனிப்பை மேற்றிசைச் சரக்கென்று சிறப்பிக்கக் காரணம் வேண்டும். இதற்கு ஒரு விடை சொல்ல முடியும். வட இந்தியாவில் கற்கண்டுக்கு வழங்கும் 'மிசிரி' என்ற பெயர் எகிப்தின் அரபுப் பெயரான மிசுர் என்பதிலிருந்து வந்தது. இடைக்காலத்தில் மேற்கிலிருந்து தூய கற்கண்டு வந்ததை அப்பெயர் நினைவில் வைத்திருக்கிறது. அவ்வகையில் உரையாசிரியர் காலத்தவர்க்கு மேற்றிசைக் கற்கண்டு என்பது முரணாகத் தோன்றியிருக்காது. எனினும், எகிப்தியச் சருக்கரை வணிகம் சிலம்பின் காலத்திற்கு மிகப் பிந்தியது. அதை மூலநூலின் மேல் ஏற்றுவது அரிது.

சிலம்பு தோன்றுவதற்கு முன்பே மேற்றிசையின் பெயர்பெற்ற புகைப்பொருள் தென்னரேபியாவிலும் ஆப்பிரிக்கக் கொம்பு முனையிலும் கிடைத்த போசுவெல்லியா மரத்தின் பிசின். தமிழில் பின்னாளில் பறங்கிச்சாம்பிராணி எனப் பெயர்பெற்ற இனம் இது. கி.பி. முதல் நூற்றாண்டு உரோம அறிஞர் பிளினி தம் இயற்கை வரலாற்று நூலின் பன்னிரண்டாம் பகுதியில் இதன் தரங்களை விரிவாகக் கூறுகிறார். கோடையில் சுரந்து இலையுதிர்காலத்தில் திரட்டப்படுவது தூயது, வெண்மையானது. இளவேனிலில் திரட்டப்படுவது செந்நிறமானது, முன்னதற்கு இணையாகாதது. அவர் சொல்லும் சோதனைகளுள் வெண்மை, எளிதில் நொறுங்குதல், தணலில் இட்டவுடன் பற்றுதல், பற்களுக்கு இடையே நசுங்காமல் பொடிமணிகளாக உதிர்தல் ஆகியவை அடங்கும். வெண்மையும் மணியாக உதிர்தலும் உயர்தரத்தின் அடையாளங்கள் என்பது இங்கு முதன்மையானது. 'வெள்' என்பதும் 'அயிர்' என்பதும் இவற்றிற்கு நேரான தமிழ்ச்சொற்களாக நிற்கின்றன. காரகிலில் கருமை தரத்தைக் காட்டியதுபோல வெள்ளயிரில் வெண்மை தரத்தைக் காட்டுகிறது. ஒன்றுக்குக் கருமை உயர்வு. மற்றொன்றுக்கு வெண்மை உயர்வு. இளங்கோவடிகள் இவ்விரண்டையும் அருகருகே நிறுத்தியதில் முரண்தொடையின் இன்பம் உண்டு. அதன் அடியில் அங்காடியின் அறிவும் உண்டு.

இக்கருத்திற்கு எதிரான சான்றையும் மறைத்தல் தகாது. செங்கடல் வணிகத்தைக் கூறும் பெரிப்புளூசு என்னும் கிரேக்கக் கையேடு, இப்பிசினைச் சிந்துவின் முகத்துறையான பார்பரிக்கத்தின் இறக்குமதிகளுள் சேர்க்கிறது. முசிறிப் பகுதிக்கு வந்த பொருள்களைக் கூறுமிடத்தில் பவளம், செம்பு, தகரம், ஈயம், தேறல் முதலியன இருக்க, இப்பிசின் இல்லை. எனவே அது நேராகத் தமிழகத் துறைகளில் இறங்கியது எனத் துணிய அந்நூல் இடம் தரவில்லை. மேலைக்கரைத் துறைகளுக்கிடையே நடந்த கரையோர வணிகத்தின் வழியாக வந்திருக்கலாம் என்பது ஊகமே. ஊகமாயினும், மேற்கு என்ற திசை, வெண்மை, நுண்மணி, தணலில் அகிலோடு இடப்படுதல் ஆகிய நான்கையும் ஒருங்கே விளக்கும் பொருள் பிசினே என்பதால், மூலத்தின் வெள்ளயிரைப் பிசினெனக் கொள்வதே வலிமையுடையது. நச்சினார்க்கினியர் உரை பிற்காலத்துப் புகை வழக்கிற்குச் சான்றாக நிற்கும். அதன் மதிப்பு அதனால் குறைவதில்லை.

பெயர்மாற்றம் நிகழ்ந்ததற்கு வேறொரு தடயமும் உண்டு. கடலாடு காதையில் வரும் ஐவகை விரைக்கு அடியார்க்கு நல்லார் உரை கொட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என ஐந்தைத் தருகிறது. இவற்றுள் துருக்கம் வடமொழித் 'துருஷ்க' என்பதன் தமிழ் வடிவம். அமரகோசம் அதே பிசினுக்குத் துருஷ்கம், யாவனம் என்னும் பெயர்களைத் தருகிறது. துருக்கர் கொணர்ந்தால் துருக்கம், யவனர் கொணர்ந்தால் யாவனம், பறங்கியர் கொணர்ந்தால் பறங்கிச்சாம்பிராணி. அரபியர் சுமத்திரப் பிசினைச் 'சாவகத்துத் தூபம்' எனப் பொருள்படும் லுபான் சாவி என்றனர். ஐரோப்பிய மொழிகளின் பென்சாயின் என்ற சொல் அதன் சிதைவே. பிசின்கள் மரத்தின் பெயரால் அறியப்படுவதில்லை. கொணர்ந்தவர் பெயராலோ வந்த திசையின் பெயராலோ அறியப்படுகின்றன. கொணர்பவர் மாறப் பெயர் மாறுகிறது. பழைய பெயர் பொருளின்றி நிற்கிறது. உரையாசிரியர் அதற்குத் தம் காலத்துப் பொருளை இட்டு நிரப்புகிறார். குடதிசை வெள்ளயிர் என்பதும் அத்தகைய திசைப்பெயரே. அயிர் என்ற சொல் புகைப்பொருளைச் சுட்டும் ஆற்றலை இழந்த காலத்தில் நுண்மணி என்ற பொதுப்பொருள் மட்டும் எஞ்ச, அது கண்டசருக்கரையாயிற்று எனக் கருத இடமுண்டு.

உண்ணும் கூந்தல்

அணியும் முறைக்கு வருவோம். சந்தனத்திற்குப் பூசுதல், அப்புதல், எழுதுதல் என்ற வினைகள் வழங்க, புகைக்கு உண்ணுதலும் ஊட்டுதலும் வழங்குகின்றன. சிறுபாணாற்றுப்படை (263) அகிற்புகையை உண்ணும்படி விரிக்கப்பட்ட கூந்தலைக் கூறுகிறது. புகை மேலே படிந்து கிடப்பதன்று, உள்ளே ஏற்கப்படுவது என்னும் உணர்வு இவ்வினைகளில் உள்ளது. இது வெறும் உருவகம் அன்று. ஈரக் கூந்தல் புகையை விரைந்து ஏற்கும். எளிதில் ஆவியாகாத பிசினின் மணக்கூறுகள் குளிர்ந்த ஈரமயிரில் உறைந்து நெடுநேரம் தங்கும். தோலில் பூசிய மணம் வியர்வையோடு கழிய, கூந்தலில் ஊட்டிய மணம் அசையுந்தோறும் வெளிப்படும். நீராடிய குழந்தையின் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் தமிழ் இல்லங்களில் இம்முறையின் எச்சம் காணப்படுகிறது. தூபக்காலின்மேல் மூங்கிற்கூடையைக் கவிழ்த்து, அதன்மீது கூந்தலை விரித்து உலர்த்தும் வழக்கத்தை முதியோர் இன்றும் நினைவுகூர்வர்.

முழுமையான ஒப்பனை வரிசை கடலாடு காதையில் (6:76-81) கிடைக்கிறது. பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரில், வாசநெய் பூசிய மாதவியின் கூந்தல் ஆட்டப்படுகிறது. பின் புகையில் புலர்த்தப்படுகிறது. அதன்பின் வகைவகையாகப் பிரிக்கப்பட்டுக் கத்தூரிச் சேறு ஊட்டப்படுகிறது. வரிசை கருதத்தக்கது. துவர் முதலில் மயிரின் எண்ணெயை நீக்குகிறது. ஈரம் இருக்கும்போதே புகை ஏற்றப்படுகிறது. விலங்கு மணமான கத்தூரி, புகை பதிந்து கூந்தல் உலர்ந்த பின்னரே வருகிறது. அதை முதலில் இட்டால் புகையின் மென்மை தோன்றாது மறையும். கோவலனின் ஊடலைத் தீர்க்க மாதவி மேற்கொண்ட ஒப்பனை இது. ஒப்பனைக் கலையில் தேர்ந்தவள் அவள். இளங்கோவடிகள் எண்களோடு இதை எழுதியது அத்தேர்ச்சியைக் காட்டவே.

வடமொழி மரபு இதே கலையைக் கணிதமாக்கியது. வராகமிகிரர் பதினாறு பொருள்களிலிருந்து நான்கு நான்காகத் தெரிந்து, அளவுகளையும் மாற்றி, 1,74,720 கலவைகள் கிடைக்கும் எனக் கணக்கிடுகிறார். சிலம்பின் முப்பத்திரண்டும் எண்ணே ஆயினும், அது கணக்கை நோக்கிச் செல்லவில்லை; ஒரு பெண் ஒரு மாலைப்பொழுதில் எதை எதன்பின் அணிந்தாள் என்பதை நோக்கிச் செல்கிறது.

உலறிய ஓதி

'துற' என்ற வினை இவ்விரு நூல்களிலும் நறுமணத்தோடு இணைந்து வருவது தனித்த கவனத்திற்குரியது. நெடுநல்வாடையின் ஊர் மகளிர் சாந்தைத் துறந்தது குளிரினால். சிலம்பின் மகளிர் புகையைத் துறந்தது வேனிலினால். பருவத்திற்கேற்ற இத்துறவில் இழப்பு இல்லை. ஒன்றை விட்டு ஒன்றைக் கொள்ளும் வளமே தெரிகிறது. ஆனால் நெடுநல்வாடையில் பாசறைக்குச் சென்ற அரசனைப் பிரிந்த தலைவியை அறிமுகப்படுத்தும் இடத்தில் (136-138) அதே வினை மீண்டும் வருகிறது. இம்முறை துறக்கப்பட்டது துணை. உடனே அவளுடைய கூந்தல் 'உலறிய' கூந்தலாகக் காட்டப்படுகிறது.

உலறுதல் வறண்டு பொலிவிழத்தல். புலர்தலும் உலர்தலே, எனினும் மாதவியின் கூந்தல் புகையில் புலர்ந்தது, தலைவியின் கூந்தல் எதுவுமின்றி உலறியது. எண்பது அடிகளுக்கு முன் ஊரின் மகளிர் தணல் அமைத்து அகிலும் அயிரும் புகைத்ததை நக்கீரர் காட்டியது, குளிரின் வருணனை மட்டுமன்று என்பது இங்கு விளங்குகிறது. பாட்டைக் கேட்பவர் மூக்கில் அப்புகை இன்னும் இருக்கும்போதே, அரண்மனையின் உள்ளறையில் புகையில்லாத ஒரு கூந்தலை அவர் காண்கிறார். அரசியின் மாளிகையில் அகில் இல்லாமற் போகாது. தந்தத்தில் கடைந்த கட்டிலையும் அன்னத்தூவி பரப்பிய அணையையும் விரிவாகப் பாடிய புலவர், அவளுடைய கூந்தலுக்கு ஒரு வினையெச்சமும் ஒரு பெயரெச்சமுமே தருகிறார்.

இளங்கோவடிகள் இதையும் திருப்பி எழுதுகிறார். வெள்ளயிரையும் காரகிலையும் துறந்து கணவரோடு துயிலும் மகளிரைக் காட்டிய அடுத்த அடிகளிலேயே கண்ணகி வருகிறாள் (4:47 முதல்). அவள் கால் சிலம்பை இழந்தது. மார்பு குங்குமத்தை இழந்தது. கூந்தல் நெய்யணிதலை மறந்தது. சாந்தோ புகையோ அவளிடம் பேசப்படவே இல்லை. பருவத்தால் ஒரு மணத்தைத் துறப்பவர்க்கு மற்றொரு மணம் உண்டு. கண்ணகிக்கு நாற்றிசையிலிருந்தும் வந்த பொருள்களில் ஒன்றும் இல்லை. அவள் பொருட்டு வடமலைக் கல் சுழலவும் இல்லை, குணதிசை அகில் புகையவும் இல்லை. மாதவியின் முப்பத்திரண்டு ஓமாலிகை, இக்காதைக்கு இரண்டு காதைகள் தள்ளி வருகிறது.